இடது பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா

சரியாகத் தொடுகிற மனிதரைத் தப்பாகத் தொட வைக்கிற கண்ணாடி ஒன்றைப் போன மாதம் ஜாதவ்பூரில் பார்த்தேன்.

நம்பவில்லையா? நானும்தான் நம்பவில்லை.

பக்கவாதம் வந்தவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிற சின்ன இடம் அது. மாடியில் ஓர் அறை, ஒரு மேஜை. மேஜைக்கு முன்னால் சக்கர நாற்காலியில் என் அத்தான் - அதாவது என் அக்கா சரோஜாவின் கணவர். அவர் முகத்தில் நீச்சல்காரர்கள் போடுகிற மாதிரி ஒரு கண்ணாடி. ஆனால் அதன் லென்ஸ் இடது ஓரத்தில் தடிமன், வலது ஓரத்தில் மெல்லிசு. எதிரே வெள்ளைப் பலகையில் ஒரு சிவப்புப் புள்ளி.

"காகு, அந்தப் புள்ளியைத் தொடுங்க" என்றாள் ரூபா. அங்கே பயிற்சி கொடுக்கிற பெண். காகு என்றால் பெங்காலியில் சித்தப்பா, காகிமா என்றால் சித்தி. இந்த ஊரில் யாரும் யாருக்கும் சித்தப்பா ஆகலாம்.

அத்தான் வலது கையை நீட்டினார். விரல் புள்ளியை விட்டுவிட்டு, வலது பக்கமாகத் தள்ளிப்போய் வெறும் பலகையைத் தொட்டது.

"கண்ணாடி இல்லைன்னா சரியாத் தொட்டிருப்பார்தானே?" என்று கேட்டேன்.

"ஆமா தீதி. ஓரளவு சரியாத் தொடுவார்." தீதி என்றால் அக்கா, அதாவது நான்.

கேட்டீர்களா கதையை? இதற்கு ஒரு மாடி, ஒரு அப்பாயின்ட்மென்ட், அத்தான் இருக்கிற சாந்த்ராகாச்சியிலிருந்து ஒரு டாக்ஸி!

என் சந்தேக புத்தி இந்தப் பத்தியை வாராவாரம் படிக்கிற உங்களுக்குத் தெரிந்ததுதான். டாலிகஞ்ச் மெட்ரோ வாசலில் ஆட்டோக்காரர் "ஒரே ஒரு ஆள்தான் பாக்கி, ஏறினா கிளம்பிடும்" என்றால், குனிந்து பின்சீட்டை எட்டிப் பார்த்துவிட்டு ஏறுகிறவள் நான். இத்தனை வருஷக் கொல்கத்தா வாழ்க்கையில் அப்படிப் பார்த்தது ஒரு தடவை கூட வீண் போனதில்லை.

சரி, முதலிலிருந்து சொல்கிறேன்.

அத்தான் ரயில்வேயில் கார்டாக இருந்து ரிட்டயர் ஆனவர். கோவில்பட்டிக்காரர். ரிட்டயர் ஆன பிறகும் சாந்த்ராகாச்சி யார்டுக்குப் பக்கத்திலேயே ஒரு ஃபிளாட் வாங்கி உட்கார்ந்துவிட்டார். ரயில் பெட்டி மாற்றுகிற சத்தம் காதில் விழாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. அக்காவுக்கோ அந்தச் சத்தம் கேட்டால் தூக்கம் வராது. கோயம்புத்தூரில் இருக்கிற மகன் கார்த்தி, "ரெண்டு பேரும் எங்ககூட வந்துருங்க" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். அக்காவுக்கு ஆசை. அத்தான் அசையவில்லை.

ஒருநாள் சாயங்காலம் இதற்காகப் பெரிய சண்டை. "அப்ப நீங்களும் உங்க யார்டும் கட்டிப் பிடிச்சுக்கிட்டு கிடங்க. நான் இனிமே ஒரு வார்த்தை பேசமாட்டேன்" என்று சொல்லிவிட்டாள் அக்கா. மறுநாள் காலையில் அத்தான் பாத்ரூம் வாசலில் விழுந்தார். மூளையின் வலது பக்கத்தில் அடைப்பு. இடது கையும் காலும் பலம் இழந்துவிட்டன.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தார். பேச்சு தெளிவாக இருந்தது. ஞாபகம் இருந்தது. ஆயா சென்டரிலிருந்து ஷிப்ரா என்ற பெண்மணி பகலில் பார்த்துக்கொள்ள வந்தாள். பெரிய கண்டம் தாண்டியது என்று எல்லோரும் மூச்சு விட்டோம்.

கொஞ்ச நாளில் அக்காவிடமிருந்து போன்.

"ஏட்டி, எனக்கு கோயம்புத்தூருக்கு ஒரு டிக்கெட் போட்டுக் குடு. ஒரு டிக்கெட் போதும்."

"அத்தான்?"

"அவரை அந்த ஆயா பாத்துக்கிடட்டும். அவகூடத்தான் சிரிச்சுச் சிரிச்சுப் பேசுதாரு. பக்கத்து வீட்டுக்காரி வந்தா பேசுதாரு. பால்காரன் வந்தாக்கூட பேசுதாரு. நான் ஒருத்தி பக்கத்துலயே உக்காந்துருக்கேன்... என்னைத் திரும்பிப் பாக்க மாட்டேங்காரு. அன்னைக்குப் பேசமாட்டேன்னு சொன்னேன்லா? அதுக்கு வஞ்சம் தீக்குதாரு. வேணும்னே பண்ணுதாரு."

அழுதாள். என் அக்கா அழுது நான் அதிகம் பார்த்ததில்லை. கார்த்தி பிறந்தபோது ஒருமுறை, அம்மா போனபோது ஒருமுறை. எனக்கு ரத்தம் கொதித்தது. நோயாளி என்றால் என்ன வேண்டுமானாலும் செய்யலாமா?

அந்த ஞாயிற்றுக்கிழமையே சாந்த்ராகாச்சிக்குப் போனேன். துப்பறியத்தான். அக்கா சொன்னது அத்தனையும் நிஜம். அறைக்குள் நுழைந்ததும் "வாம்மா கொழுந்தியா!" என்று வாய் நிறைய வரவேற்றார் அத்தான். ஷிப்ராவிடம் பெங்காலியில் ஏதோ ஜோக் அடித்தார். கட்டிலுக்கு மறுபக்கம் பிளாஸ்டிக் நாற்காலியில் அக்கா. அந்தப் பக்கம் அவர் பார்வை போகவே இல்லை. போகிற வழியில் கூடப் படவில்லை.

சாப்பாட்டைப் பார்த்தேன். தட்டில் வலது பாதியைத் துடைத்த மாதிரி சாப்பிட்டிருந்தார். இடது பாதியில் அவரைக்காய்ப் பொரியல் அப்படியே இருந்தது. "சரோ இப்பல்லாம் பொரியலே வைக்கிறதில்ல" என்று என்னிடமே புகார் வேறு. "பாத்தியா, என் சமையலையும் ஒதுக்குதாரு" என்றது அக்காவின் பார்வை.

நடிக்கிறாரா? நடிப்பைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வழி தெரியும். அத்தானுக்கு இனிப்பு என்றால் உயிர். டாக்டர், அக்கா, சுகர் ரிப்போர்ட் - யார் சொன்னாலும் கேட்கமாட்டார். வெல்லப்பாகு போட்ட சந்தேஷ் இரண்டை வாங்கிப் போயிருந்தேன். தட்டில் வலது ஓரம் ஒன்று, இடது ஓரம் ஒன்று வைத்து நீட்டினேன்.

வலது பக்கத்துச் சந்தேஷ் ஒரே வாயில் காலி. பிறகு என்னைப் பார்த்து, "ஒண்ணுதான் கொண்டு வந்தியா? கஞ்சம்மா நீ" என்றார்.

இடது ஓரத்தில் இரண்டாவது சந்தேஷ் சும்மா உட்கார்ந்திருந்தது. காத்திருந்தேன். தொடவில்லை. தட்டை மெதுவாகத் திருப்பினேன். இடது ஓரம் வலது ஓரமாயிற்று. "அட... இன்னொண்ணு எப்ப வச்ச?" என்று முகம் மலர்ந்து அதையும் எடுத்துக்கொண்டார்.

நடிக்கிற மனிதர் பொரியலை விடுவார். மனைவியைக்கூட விடுவார். சந்தேஷை விடமாட்டார். என் சந்தேகம் அத்தானை விட்டு இறங்கி, வேறு எங்கே ஏறுவது என்று தெரியாமல் தவித்தது.

அடுத்த வாரம் நரம்பு டாக்டரிடம் நானே போய் நின்றேன். டிஸ்சார்ஜ் அன்றே வீட்டில் சொன்னோமே என்றார். சொல்லியிருப்பார். அந்த அவசரத்தில் யார் காதில் விழுந்தது? அவர்தான் ஜாதவ்பூருக்கு அனுப்பினார். அங்கேதான் இந்தக் கண்ணாடி.

கண்ணாடி போடுவதற்கு முன்னால் ரூபா ஒரு தாளையும் பென்சிலையும் கொடுத்தாள். "காகு, நீங்க ரயில்வேதானே? இடது பக்கமாப் போற ரயில் ஒண்ணு வரைங்க."

அத்தான் உற்சாகமாக வரைந்தார். வலது கோடியில் கார்டு பெட்டி, அதற்குப் படிக்கட்டு, கைப்பிடி, பின்விளக்கு. அதற்கு முன்னால் இரண்டு பெட்டிகள். அவ்வளவுதான். தாளின் நடுவில் நின்றுவிட்டது ரயில். இடது பாதி வெள்ளையாக இருந்தது.

"முடிஞ்சுதா காகு?"

"முடிஞ்சுது. எக்ஸ்பிரஸ்" என்றார் அத்தான். எஞ்சின் இல்லாத எக்ஸ்பிரஸ்! ஆயுசு முழுக்க ரயிலிலேயே வேலை பார்த்தவர் அந்தப் படத்தைப் பெருமையாக என் பக்கம் நீட்டினார்.

"கண்ணுல கோளாறு இல்ல தீதி" என்றாள் ரூபா. "கண்ணு பாக்குது. மூளைதான் இடது பக்கத்தைக் கணக்குல எடுத்துக்கலை. அவருக்கு இடது பக்கம் மறைஞ்சிருக்குன்னுகூடச் சொல்ல முடியாது. அப்படி ஒரு பக்கம் இருக்குங்கறதே அவருக்குத் தோணாது."

சரி. அதற்கும் இந்தக் கண்ணாடிக்கும் என்ன சம்பந்தம்? பார்க்க வேண்டியது இடது பக்கம். தள்ளிவிடுவது வலது பக்கம். தலைகீழாக இருக்கிறதே?

"நீங்களே போட்டுப் பாருங்களேன்" என்றாள்.

போட்டேன். கை கிளம்புகிற இடம் தெரியாதபடி தாடைக்குக் கீழே ஓர் அட்டையைப் பொருத்தினாள். புள்ளிக்குக் கிட்டே வரும்போதுதான் என் விரல் என் கண்ணில் படும். தொட்டேன். வலது பக்கம் தள்ளிப் போயிற்று. மறுபடி தொட்டேன். கொஞ்சம் நெருங்கியது. இன்னும் சில முறை... விரல் கச்சிதமாகப் புள்ளியில் நின்றது. என்னமோ சாதித்துவிட்ட பெருமை எனக்கு.

"இப்ப கண்ணாடியைக் கழட்டிட்டுத் தொடுங்க."

கழற்றினேன். கண்ணெதிரே புள்ளி. பட்டப்பகல். தொட்டேன். விரல் புள்ளிக்கு இடது பக்கம் போய் நின்றது!

இன்னொரு முறை தொட்டேன். இடது பக்கமேதான். மேஜையிலிருந்த தண்ணீர் பாட்டிலை எடுக்கப் போனால், விரல் பாட்டிலின் இடது விளிம்பில் தட்டி அதைச் சாய்த்துவிட்டது. ஊரில் ஒருவரையும் நம்பாத நான் என் சொந்தக் கையை மட்டும்தான் நம்பிக்கொண்டிருந்தேன். அதுவும் போயிற்று.

ரூபா சிரித்தாள். "கண்ணாடி எல்லாத்தையும் வலது பக்கம் தள்ளிக் காட்டுது. கை ஏமாந்து வலது பக்கம் போகுது. நாலஞ்சு தடவை தப்பானதும் மூளை கையை இடது பக்கமாத் திருத்தி அனுப்புது. கண்ணாடியைக் கழட்டின பிறகும் அந்தத் திருத்தம் நிக்குது. உங்களுக்குச் சீக்கிரம் போயிடும். காகு மாதிரி சிலருக்கு ரொம்ப நேரம் நிக்கும். கையோட சேர்ந்து கவனமும் இடது பக்கம் திரும்பும். சிலருக்கு."

"சிலருக்குன்னா?"

"சிலருக்குத்தான். சிலருக்கு ஒண்ணுமே ஆகாது. யாருக்குப் பலிக்கும், யாருக்குப் பலிக்காதுங்கறதுல ஆராய்ச்சி பண்றவங்களே இன்னும் ஒத்துப்போகலை."

"இந்தக் கண்ணாடியை நாங்க ஒண்ணு வாங்கணுமா?" - விட்டுவிடுவேனா நான்!

"வேண்டாம். அது இங்கயேதான் இருக்கும்."

பலிக்கும் என்று அடித்துச் சொல்கிறவர்களைச் சமாளிக்க எனக்குத் தெரியும். "தெரியாது" என்று சொல்கிறவளை என்ன செய்வது? நம்பலாம் போலத் தோன்றியது. அப்படித் தோன்றியதாலேயே இன்னும் கொஞ்சம் சந்தேகம் வந்தது.

அதன் பிறகுதான் அந்தப் பெண் ஒரு கேள்வி கேட்டாள். சாதாரணமாக, பேச்சுவாக்கில்தான் கேட்டாள்.

"காகு, இன்னிக்கு உங்ககூட யார் யார் வந்திருக்காங்க?"

பெங்காலியில்தான் பேசிக்கொண்டார்கள். நான் தமிழில் சொல்கிறேன்.

"என் கொழுந்தியா வந்திருக்கா. ஷிப்ரா வந்திருக்கா."

"காகிமா வரலையா?"

அத்தான் முகம் வாடியது. "இல்ல. அவ வரமாட்டா. அவளுக்கு என் மேல கோபம்."

"அப்படியா?"

"யார்டை விட்டு வரமாட்டேன்னு சொன்னேன். அன்னையிலேர்ந்து கோபம். பேசறதில்ல. எப்பவாவது ரூமுக்குள்ள வருவா. அப்படியே நடந்து போவா... அப்புறம் காணாமப் போயிடுவா. நான் தேடுவேன். இருக்கமாட்டா."

அக்கா அங்கேதான் இருந்தாள். அவருடைய இடது பக்கம், கைக்கெட்டும் தூரத்தில், ஸ்டூலில், மடியில் அவருடைய ஸ்வெட்டரை வைத்துக்கொண்டு.

இந்த இடத்தில் எங்கள் குடும்ப வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். அக்காவுக்குக் கல்யாணமானபோது அம்மா சொல்லி அனுப்பியது: பெண்டாட்டி எப்போதும் புருஷனுக்கு இடது பக்கம்தான் உட்கார வேண்டும். அக்கா அதை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டாள். சைக்கிள் ரிக்‌ஷாவில் இடது பக்கம், சோபாவில் இடது பக்கம், கட்டிலில் இடது பக்கம், போட்டோவில் இடது பக்கம். போட்டோகிராபர் மாறி நிற்கச் சொன்னால் அவரோடு சண்டைக்குப் போவாள். அத்தானுக்கு வந்த நோய் உலகத்தில் சரியாக அந்த ஒரு பக்கத்தைத்தான் துடைத்துவிட்டிருந்தது. அறையின் கதவு வலது பக்கம். டிவி வலது பக்கம். ஷிப்ராவின் முக்காலி வலது பக்கம். பால்காரன் வந்து நிற்பதும் வலது பக்கம். பொண்டாட்டி ஒருத்திதான் இடது பக்கம்!

அவர் பார்க்கவில்லை என்று இவள் பேசுவதை நிறுத்தினாள். இவள் குரலும் போனதும் அவருக்கு இவள் இல்லாமலே போய்விட்டாள். இரண்டு பேரும் ஒரே அறையில், ஒருவர் கோபத்துக்கு இன்னொருவர் பயந்துகொண்டு, இத்தனை நாள்.

யாராவது நம்மைக் கண்டுகொள்ளவில்லை என்றால் நாம் எவ்வளவு வேகமாகக் காரணம் கண்டுபிடிக்கிறோம்! திமிர். வஞ்சம். பணம் வந்துவிட்டது. பழசை மறந்துவிட்டான். "ஒருவேளை, அவருக்கு நான் தெரியவில்லையோ?" என்பது மட்டும் தோன்றுவதே இல்லை. அக்காவுக்குத் தோன்றவில்லை. சந்தேகப்படுவதையே தொழிலாக வைத்திருக்கிற எனக்கும் தோன்றவில்லை.

அக்கா எழுந்தாள். சக்கர நாற்காலியைச் சுற்றிக்கொண்டு வலது பக்கம் வந்து அவர் முன்னால் நின்றாள்.

"சரோ! வந்துட்டியா?" என்றார் அத்தான். என்னை வரவேற்ற அதே வாய் நிறைந்த குரல். ஆனால் கண்ணில் தண்ணீர்.

அக்கா அவருடைய ஸ்வெட்டரை உதறி உதறி மடித்தாள். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தாள். டாக்ஸியில் திரும்பும்போது என் காதோரம் குனிந்து, "டிக்கெட்டெல்லாம் போட்டுக்கிட்டு இருக்காத" என்றாள். நான் போடவே இல்லை என்பதை அவளிடம் சொல்லவில்லை.

"இனிமே நீ வலது பக்கமே உக்காரு. பிரச்னை தீர்ந்துது" என்றேன் நான். ரூபா விடவில்லை. அவசரம் என்றால், பயந்துபோனால், சாப்பாடு கொடுக்கும்போது வலது பக்கம் வாருங்கள். மற்ற நேரத்தில் இடது பக்கமே உட்கார்ந்து கூப்பிடுங்கள், கையைத் தொட்டுத் தொட்டுக் கூப்பிடுங்கள், அவர் திரும்பட்டும் என்றாள்.

"பாத்தியா, அம்மா சொன்னதும் இதைத்தானே?" என்று அக்காவுக்கு ஒரே பெருமை. நம் சாஸ்திரத்தில் அன்றே சொல்லியிருக்கிறார்கள் என்று தயவுசெய்து வாட்ஸ்அப்பில் ஆரம்பித்துவிடாதீர்கள். அந்த வழக்கம்தான் இவ்வளவு கூத்துக்கும் காரணம் என்பதையும் சேர்த்து எழுத வேண்டியிருக்கும்.

அதற்குப் பிறகு ஜாதவ்பூருக்கும் சாந்த்ராகாச்சிக்குமாக அலைந்தோம். கண்ணாடி, புள்ளி, கண்ணாடி, புள்ளி. சில நாள் அத்தான் பொரியலில் பாதியைக் கண்டுபிடித்தார். சில நாள் சட்டையின் இடது கையை மாட்டாமலே "ரெடி" என்றார். சக்கர நாற்காலியைக் கதவின் இடது பக்க நிலையில் இடித்துவிட்டு, நிலையைத் திட்டினார். அக்கா இடது பக்கம் உட்கார்ந்து கூப்பிட்டால், குரல் வந்த திசையை விட்டுவிட்டு வலது பக்கம் பார்த்து "என்ன சரோ?" என்பார். அவள் கையைத் தொட்டு இழுப்பாள். மறுபடி கூப்பிடுவாள். அவள் தொண்டை கட்டிவிட்டது.

முன்னேற்றம் என்று யாராவது சொன்னால், "எங்கே, காட்டு" என்று கேட்டுக்கொண்டிருந்தேன். காட்டினால், "இது தானாகவே வந்திருக்கலாமே" என்று சொன்னேன். ரூபாவும் "இருக்கலாம் தீதி" என்றாள். கோபப்படவே தெரியாத பெண்.

போன ஞாயிற்றுக்கிழமை.

நான் கட்டிலுக்கு வலது பக்கம் நாற்காலியில். ஷிப்ராவுக்கு லீவு. டிவி இல்லை, கரண்ட் போயிருந்தது. அக்கா அவளுடைய இடத்தில், இடது பக்கத்தில், காலையிலிருந்து உட்கார்ந்திருந்தாள். பச்சைப் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். தொண்டை கட்டியிருந்ததால் அன்று அவள் கூப்பிடவே இல்லை. அவரைத் தொடவும் இல்லை. கையெல்லாம் தோலும் பட்டாணியும்.

அத்தான் என்னிடம் கார்த்தியைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். பாதியில் நிறுத்தினார். தலை மெல்ல நகர்ந்தது. நேராக வந்தது. அங்கே கொஞ்சம் தயங்கியது. பிறகு இன்னும் கொஞ்சம்... இடது பக்கம் போயிற்று.

அக்காவின் விரல் பட்டாணித் தோலில் அப்படியே நின்றுவிட்டது.

அவளையே பார்த்தார். யாரும் கூப்பிடாமல், யாரும் தொடாமல், தானே தேடிப் போய்ப் பார்த்தார்.

"சரோ... நீ எப்ப வந்த?"

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"இப்பதாங்க வந்தேன்."

பச்சைப் பொய். நான் வாயைத் திறக்கவில்லை.